பழைய ரோட்டில் ஒரு சட்டை



பண்டிகைக்குத் துணி எடுக்கக் கிளம்பினால் உங்கள் வீட்டு ஆண்களுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்? எங்கள் வீட்டில் பத்து நிமிடம். புடவைக்கு ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம். எல்லோருக்கும் பசி வந்த பிறகு, "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துருங்க" என்பார்கள். நானும் கைக்கு எட்டிய நீலச் சட்டையை எடுத்துக்கொள்வேன். என் அலமாரியில் இப்போது ஏழு நீலச் சட்டைகள் தொங்குகின்றன.

குறை அவர்கள்மீது இல்லை. "எனக்கு எதுக்கு?" என்று முதலில் சொல்வதே நாம்தானே!

துணி எடுக்க, கேரள எல்லையிலுள்ள காரோட்டிலிருந்து திருவனந்தபுரம் போக இப்போது இரண்டு ரோடு. ஒன்று, கழக்கூட்டம் வரை போகும் 43 கிலோமீட்டர் பைபாஸ். அதில் ஏறினால், 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் திறந்த லுலு மாலின் வாசலில் போய் இறங்கலாம். இன்னொன்று பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர் ஊராக நின்று போகும் பழைய ரோடு. பைபாஸ் வந்ததும் பழைய ரோட்டை நாம் பாதி மறந்துவிட்டோம். ஆண்களுக்கு நல்ல சட்டை கிடைப்பது அந்த ரோட்டில்தான் என்பது என் கட்சி.

மாலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஏசி, பார்க்கிங், பிள்ளைகளுக்கு விளையாட்டு... யாருக்குத்தான் கசக்கும்? நான் சொல்வது வேறு. என் கதையையே கேளுங்கள்.

என் தங்கை மகன் கல்யாணத்துக்கு ஒரு லினன் சட்டையை போனில் பார்த்து ஆர்டர் செய்தேன். படத்தில் அதைப் போட்டிருந்த பையனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. வந்து போட்டுப் பார்த்தால் தோள் தையல் கைக்கு இறங்கிவிட்டது. ஒரு சைஸ் குறைத்து வரவழைத்தேன். அது வயிற்றில் பட்டன் மாட்டவில்லை. கல்யாணத்துக்கு ஐந்தே நாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன மென்ஸ் வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "சாரே, தோளுக்கு உங்களுக்கு நாற்பது, வயித்துக்கு நாற்பத்திரண்டு. ரெடிமேட்ல அப்படி ஒரு சைஸ் கிடையாது. துணி எடுத்துத் தைச்சிருங்க."

இத்தனை வருடம் எந்த ட்ரயல் ரூம் கண்ணாடியும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நாற்பது வயது தாண்டிய பலருக்கும் இதுதான் நிலைமை. வயிற்றைப் பார்த்து சைஸ் எடுக்கிறோம், தோள் தொங்குகிறது. பிறகு, "நமக்கு எந்த டிரஸ்ஸும் செட் ஆகாது" என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

58 இஞ்ச் அகலத் துணி என்றால் முழுக்கைச் சட்டைக்கு ஏறக்குறைய 1.60 மீட்டர் போதும். 36 இஞ்ச் என்றால் இரண்டேகால் மீட்டருக்கு மேல் வேண்டும். அதே கடைக்காரர் கைகாட்டிய டெய்லர் நான்காம் நாள் சட்டையைத் தந்தார். கல்யாண ஆல்பத்தில் நான் முதல்முறையாக வயிற்றை எக்காமல் நிற்கிறேன்.

அடுத்தது வேஷ்டி. மலையாளத்தில் முண்டு. பாலராமபுரத்தின் கதை தெரியும்தானே? 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. தெருக்கள் போட்டு, குழித்தறி போட்டு நெய்ய ஆரம்பித்தார்கள். ஊருக்கு ராஜாவின் பெயர்; துணிக்கு ஊரின் பெயர். இன்று அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

2017 முதல் கேரளத்தில் அரசுப் பள்ளியின் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைத்தறி யூனிபார்ம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிள்ளை வாரம் முழுக்கக் கைத்தறி போடுகிறான். அப்பாவின் பீரோவில் ஒன்றாவது உண்டா?

இளவட்டங்கள் கைத்தறியைத் தொடமாட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். ஓணத்துக்கு முண்டின் கரை என்ன நிறமோ, அதே நிறத்தில் சட்டை தேடி அலைவது அவர்கள்தான். பாட்டில் பச்சைக் கரைக்குப் பாட்டில் பச்சைச் சட்டை. கரையை வெளிச்சத்தில் வைத்துச் சட்டைத் துணியோடு சேர்த்துப் பார்க்கவேண்டாமா? போன் திரையில் பச்சை ஒன்று. பார்சலில் வரும் பச்சை வேறொன்று.

உள்ளூர்க் கடைகளின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சிலர் விலைச்சீட்டு ஒட்டுவதில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள். "மாற்றித் தரமாட்டோம்" என்று போர்டு வைக்கிறார்கள். விசைத்தறி முண்டைக் கைத்தறி என்று சொல்லித் தலையில் கட்டுவதும் நடக்கிறது. வாங்குகிற நாம்தான் கேட்கவேண்டும். கைத்தறி என்றால் 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் எந்தத் தறி என்று கேளுங்கள். பில்லும் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு மேலே போனால் 18. முன்பு ஆயிரத்தைத் தாண்டினாலே 12. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சட்டையில் அந்தக் குறைவு உங்கள் கைக்கு வந்ததா என்று பார்ப்பதில் வெட்கம் என்ன?

இந்தத் தடவை ஒரு செட் மட்டும் இப்படி எடுத்துப் பாருங்கள். புடவைக்கு முன்னால், பசிக்கும் முன்னால், வீட்டு ஆண்களுக்கு ஒரு மணி நேரம். கைலியும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அவர், "எனக்கு எதுக்கு மக்களே?" என்பார். பதில் சொல்லவேண்டாம். பழைய ரோட்டிலேயே போங்கள். பாலராமபுரம் ஜங்ஷன் டிராஃபிக்கில் எப்படியும் வண்டி நிற்கும். அப்போது இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்