தோணிக்குச் சோலர் தகடு, கையில் மஹர் காப்பு



எங்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழ் ஓடும் மகாவலி, கடைசியில் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. அந்தக் குடாவின் கரையிலுள்ள மூதூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்குச் சிறிய வள்ளம் ஒன்று சொந்தம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது, வாப்பா காலத்துப் பாயை அவர் பரணிலிருந்து இறக்கிக் கட்டினார். காற்று ஓய்ந்தால் மட்டுமே இயந்திரம்.

இரவில் விளக்குக்கும், றேடியோவுக்கும், திசை காட்டும் ஜீபிஎஸ் கருவிக்கும் பழைய கார் பற்றரி ஒன்றை வைத்திருக்கிறார். அது நடுச்சாமத்தில் தீர்ந்துவிடும். அப்படி இருட்டில் நின்ற ஓர் இரவு, பெரிய இயந்திரப் படகு ஒன்று உரசாத குறையாகக் கடந்து போயிற்றாம். மறுநாளே அவர் கடைக்குப் போனார். கடைக்காரர் 200 வொட் சோலர் தகடு, இரண்டு பற்றரி, இன்வேட்டர் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தார். பணத்துக்கு வழி, மனைவியின் மஹர் காப்பை அடகு வைப்பது.

“கொடுக்காவிட்டால் நான் கெட்ட மனைவியா? கொடுத்தால் காப்பைக் கடலில் போட்டதாகிவிடுமா?” என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

முதல் கேள்விக்கு விடை எளிது. மஹர் உங்களுடைய சொத்து. பெண்கள் தாமாக மனம் விரும்பி அதில் எதையும் விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவர் அனுபவிக்கலாம் என்பது சூறத்துன் நிஸாவின் 4ஆம் வசனம் தரும் சட்டம். முகம் கோணுவாரே என்ற பயத்தில் கழற்றிக் கொடுப்பது மனம் விரும்பிக் கொடுப்பதாகாது. கொடுக்காததால் நீங்கள் பாவியும் அல்ல. அடகும் தன்னளவில் ஹராம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் தமது போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் ஈடு வைத்து வீட்டுக்கு வாற்கோதுமை வாங்கியிருக்கிறார்கள். கூடாதது வட்டி. மாதா மாதம் வட்டி கட்டும் அடகுக்கடைக்குக் காப்பு போக வேண்டாம். கணவருக்குக் கடனாகக் கொடுப்பதென்றால் எழுதி வையுங்கள். சூறத்துல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதச் சொல்லும்போது கணவன் மனைவியை விலக்கவில்லை.

இரண்டாவது கேள்வி கிதாபில் இல்லை. திருகோணமலையில் படகுகளுக்கு மின்வேலை செய்யும் ஒருவர் முன்பு என்னிடம் ஓதியவர். அவரிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பட்டியலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஹஸ்ரத், அந்த வள்ளத்துக்கு என்னென்ன வேணும் என்று கடைக்காரர் கேட்கவே இல்லையே” என்றார்.

பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முன்பக்கம் இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் காட்டும் விளக்கு ஒன்று, பின்பக்கம் வெள்ளை விளக்கு ஒன்று. எல்ஈடி வகையானால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வொட். பத்து மணி நேரம் எரிந்தால் 40 வொட்-மணி. றேடியோவைக் கேட்கும் நிலையில் எட்டு மணி நேரம் வைத்தால் இன்னொரு 40. ஜீபிஎஸ் கருவிக்கு 25, இரண்டு போனுக்கு 30. மொத்தம் 135. ஐம்பது வொட் தகடு ஒன்று, நல்ல வெயிலை நாளுக்கு 4 மணி நேரம் என்று குறைத்துப் பிடித்தாலும் 200 தரும். வயரிலும் பற்றரியிலும் கால்வாசி போனாலும் 150 மிஞ்சும். அப்படியிருக்க 200 வொட் தகடு எதற்கு?

இன்வேட்டர் முழு வீண். விளக்கும் றேடியோவும் ஜீபிஎஸும் 12 வோல்ட்டிலேயே ஓடுபவை. 12ஐ 230 ஆக்கி, போனுக்காக அதை மறுபடி 5 ஆக இறக்குவது, உலையில் வைத்த தண்ணீரைக் குடத்துக்கும் குடத்திலிருந்து உலைக்கும் மாற்றி மாற்றி ஊற்றுவது போல. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்தும். போனுக்கு 12 வோல்ட் சார்ஜர் போதும்.

பணத்தைப் பற்றரியில் போடுங்கள். கார் பற்றரி இயந்திரத்தை ஒரு நொடி உதைத்துக் கிளப்பச் செய்தது. இரவெல்லாம் மெதுவாகக் கொடுக்க அதற்கு வராது. சோலருக்கென்றே வரும் பற்றரியில் 12 வோல்ட், 50 அல்லது 60 அம்பியர்-மணி அளவு ஒன்று போதும். ஈய வகையானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அந்தப் பாதியே வெயிலில்லாத இரண்டு இரவுக்குத் தாங்கும். அது வாயு விடும். மூடிய பெட்டிக்குள் அடைக்க வேண்டாம். தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவில் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றும், பற்றரியை ஒட்டி பியூஸ் ஒன்றும் கட்டாயம்.

இனி, பாய்த்தோணிக்கே உரிய ஒரு சங்கடம். வீட்டுக் கூரைக்கு இது இல்லை. தகட்டிலுள்ள சிறு கட்டங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. வரிசையில் நின்று கல் கைமாற்றும் வேலையாட்களில் ஒருவர் தூங்கினால் வரிசையே தேங்கும் அல்லவா? பாய்மரத்தின் நிழலோ கயிற்றின் நிழலோ சில கட்டங்களில் விழுந்தாலும் தகட்டின் வரவு பெரிதும் குறைந்துவிடும். திசை மாறும்போது பாயும் பக்கம் மாறும், நிழலும் மாறும். ஆகவே ஒரே தகட்டை நடுவில் பொருத்தாமல், 25 வொட் தகடு இரண்டைப் பின்பக்கத்தில் இருபுறமும் வைக்கச் சொல்கிறார் என் மாணவர். ஒன்று நிழலில் கிடந்தால் மற்றது உழைக்கும். தகட்டின் அடியில் காற்றுப் போக இடைவெளி வேண்டும். சூடேறினால் மின்சாரம் குறையும். ஆணி துருப்பிடிக்காத உருக்காகவும், வயர் ஈயம் பூசிய செம்பாகவும் இருக்கட்டும். மூட்டுகளை உப்பு தின்னும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் தகட்டைத் துடைப்பதை நீங்களே செய்யலாம்.

தகடு வந்தால் இயந்திரமே தேவையில்லை என்று கணவர் நம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நடவாது. வெயிலை மட்டும் கொண்டு 2010 செப்டெம்பரில் மொனாக்கோவிலிருந்து புறப்பட்டு, 2012 மே மாதத்தில் உலகைச் சுற்றி வந்த பிளானட்சோலர் என்ற படகு 31 மீற்றர் நீளம். அதன் மேல் 500 சதுர மீற்றருக்கும் அதிகமான தகடு விரிக்கப்பட்டிருந்தது. கேரளத்தில் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் 75 பேரை ஏற்றும் ஆதித்யா படகுக்கு அதன் கூரை முழுவதும் தகடு. உங்கள் வள்ளத்தில் அந்த இடம் ஏது? அல்லாஹு தஆலா நாடினால் காற்றை நிறுத்திவிடுவான், கப்பல்கள் கடல்மேல் அசையாமல் நின்றுவிடும் என்ற கருத்து சூறத்துஷ் ஷூறாவின் 33ஆம் வசனத்தில் வருகிறது. அந்த வேளைக்கு மண்ணெண்ணெய்க் கான் ஒன்று வள்ளத்தில் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் விளக்கு ஆடம்பரம் அல்ல, சகோதரி. அதில் உங்கள் கணவர் பக்கமே நான். உயிரைக் காப்பது மார்க்கக் கடமை. கையில் காசு குறைவென்றால் இரண்டு எல்ஈடி விளக்கையும் ஒரு நல்ல டோர்ச்சையும் இந்த வாரமே வாங்கட்டும். தகடும் பற்றரியும் அடுத்த மீன் பருவத்துக்குள் வரட்டும். இந்தச் சிறிய பட்டியலுக்கு உங்கள் காப்பு தேவைப்படாமலே போகலாம்.

கடைக்காரரின் பட்டியலையும் இந்தப் பட்டியலையும் கணவரிடம் அருகருகே வைத்துக் காட்டுங்கள், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு. என் மாணவர் வந்து வள்ளத்தைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அவருடைய விலாசத்தைத் தனிக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறேன்.