மரவள்ளிக் கரணையும் அயல்நாட்டு மாவுப்பூச்சியும்

பயிரைக் கெடுக்கும் பூச்சிகளெல்லாம் தாமாகப் பறந்து வருவனவல்ல. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு இறகே கிடையாது. ஆயினும், தென் அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட அப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவிலும், 2008-ல் தாய்லாந்திலும், 2020-ல் கேரளத்துத் திருச்சூரிலும் தோன்றிப் பின்னர் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் தோட்டங்களையும் பற்றிக்கொண்டது. அதன் குஞ்சுகளைக் காற்று அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு போகக்கூடும். தொலைதூரம் செல்வதற்கோ பெரும்பாலும் மனிதர் ஏற்றிச் செல்லும் நடவுக் குச்சிகளே வாகனமாகின்றன.

இப்பூச்சி ஆண் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகுவது. ஆகையால் குச்சிக் கட்டொன்றில் ஒரேயொரு பூச்சி ஒளிந்திருப்பினும் ஒரு கிராமத்துக்கு அது போதும். தாக்குண்ட செடியின் நுனிக் கணுக்கள் நெருங்கி, இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும்; கிழங்கின் விளைவும் குன்றும்.

"அதற்குத்தான் குளவி வந்துவிட்டதே" எனச் சிலர் கூறலாம். உண்மையே. பராகுவே நாட்டில் 1981-ல் கண்டறியப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. அதுவே 2021-ல் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, சோதனைகளுக்குப் பின் 2022-ல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் விடப்பட்டது. ஆனால், பூச்சி வந்த வருஷத்துக்கும் குளவி விடப்பட்ட வருஷத்துக்கும் இடையே நேர்ந்த நஷ்டத்தைச் சுமந்தவர் குடியானவரே. கோயம்புத்தூரில் 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டபோதும், அதற்குரிய குளவி 2010-ல்தான் வந்து சேர்ந்தது. அன்றியும், வைரஸால் உண்டாகும் மரவள்ளித் தேமல் நோயும் கரணை வழியே பரவுவதாகும். அதற்குக் குளவி மருந்தாகாது.

எனவே, "என் தோட்டத்துக் குச்சி, என் இஷ்டம்" என்னும் எண்ணம் தகாது. நுனி கொத்தாகிய தோட்டத்துக் குச்சியை விலைக்காயினும் இனாமாயினும் பிறருக்குக் கொடாதிருத்தல் நிலமுடையோர் கடமை. வாங்குவோர், செடிகள் நிற்கும்போதே தோட்டத்தை நேரிற் பார்த்து, தேமலும் பூச்சியும் இல்லாதவற்றையே தெரிந்துகொள்ள வேண்டும். தாக்குதலின் தொடக்கத்திலேயே கெட்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிடுதல் நலம். குளவி உலவும் தோட்டத்தில் கண்டபடி விஷ மருந்து தெளித்தால், மேலே மெழுகு படிந்த பூச்சி தப்பிக் குளவியே மடியும்.

கிராம அதிகாரிகளும் இதனைத் தனியார் விவகாரமென்று விட்டுவிடலாகாது. முன் கண்டிராத பூச்சியோ நோயோ தென்பட்டால், அன்றே விவசாய இலாகாவுக்கு அறிவித்தல் வேண்டும். கிழங்கு தோண்டும் காலமே குச்சி கைமாறும் காலம். அப்போது ஒரு நாள் செலவிட்டுத் தோட்டம் பார்ப்பது, இரண்டு வருஷ நஷ்டத்தைத் தடுக்கும்.