வரையப்படாத ஜூலை

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்ட் ஸ்பீகல்மன் மூன்றே பக்கங்களில் ஒரு சித்திரக்கதை வரைந்தார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். யூதர்களை எலிகளாக்கி, கொன்றவர்களைப் பூனைகளாக்கி, ‘மவுஸ்’ என்று பெயரிட்டார். அதே ஆண்டில் ஜப்பானில் கெய்ஜி நகசாவா ‘நான் பார்த்தேன்’ என்ற கதையைச் சிறுவர் இதழொன்றில் வெளியிட்டார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. தந்தையும் அக்காவும் தம்பியும் அன்று மாண்டார்கள். 1966இல் தாய் இறந்து உடலை எரித்தபோது சாம்பலில் எலும்பு மிஞ்சவில்லை. கதிர்வீச்சு அம்மாவின் எலும்பையும் தின்றுவிட்டதே என்ற கோபம்தான் அவரை அணுகுண்டைப் பற்றி வரைய வைத்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வெவ்வேறு மூலையிலிருந்து, ஒரே ஆண்டில், சித்திரக்கதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

நமக்கும் அது முக்கியமான ஆண்டுதான். 1972 ஜனவரியில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி வந்தான். இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழுக்காக ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்த நாயகன், தமிழ் பேசி நம் பிள்ளைகளின் சொத்தானான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களின் மீது எமக்கு இன்றும் பிரியம் உண்டு.

ஆனால் இந்தத் தலையங்கத்தின் கவலை வேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே இலங்கையில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடைவெளியில்தான் வீரகேசரிப் பிரசுரமாக ஈழத்து நாவல்கள் வரிசையாக வந்தன. அதே காலத்தில் சிங்களத்தில் ‘சதுட்ட’, ‘சித்தர’ என்று சித்திரக்கதைப் பத்திரிகைகள் பெருகின. கமிலஸ் பெரேரா வரைந்த கஜமன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான். 2023இல் முப்பரிமாணத் திரைப்படமாகவும் வந்துவிட்டான். தமிழில் மட்டும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. நாவலுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு சித்திரக்கதைக்கும் கிடைத்தது, நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

வரையத் தெரிந்தவர் இல்லாமலா? தினகரனில் சவாரித் தம்பரை வரைந்த சி. சிவஞானசுந்தரம், அறுபதுகளின் தொடக்கத்தில் ‘சிரித்திரன்’ சஞ்சிகையைத் தொடங்கியது இதே கொழும்பில்தான். பிறகே அது யாழ்ப்பாணம் போனது. சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மெயில்வாகனத்தார் என்று நம் பேச்சு, நம் உடுப்பு, நம் சண்டித்தனம் எல்லாம் அவருடைய கோட்டில் இருந்தன. நூலகம் இணையத்தளத்தில் பழைய இதழ்களைப் பாருங்கள்: ஓர் ஆளின் தரத்தைக் கால் நீட்டியிருக்கும் விதத்திலேயே சொல்லிவிடுவார். அந்தக் கோடு சிரிப்போடு நின்றது அவருடைய குற்றமல்ல. படம் போட்ட கதை பிள்ளைகளுக்கு, எழுத்து பெரியவர்களுக்கு என்று பிரித்து வைத்தது நம் இலக்கிய உலகம். படம் வரைபவரைச் சிறுகதைக்கு மேலே ஒரு சதுரத்தில் உட்கார வைத்ததோடு நமது வேலை முடிந்தது.

இதனால் நாம் இழந்தது என்ன என்பதை வெள்ளவத்தையில் இருந்து யோசித்தால் தெரியும். 1983 ஜூலைக் கலவரத்திற்கு நம்மிடம் எத்தனை புகைப்படங்கள் இருக்கின்றன? பொறளையில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த அந்தப் படம், நிர்வாணமாக்கப்பட்ட இளைஞனின் படம், எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்பால் மிகக் கொஞ்சம். கைகளில் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களை, காலி வீதியில் எரிந்த கடைகளை, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அறையில் மூச்சடக்கி இருந்த இரவை, ‘லங்கா கல்யாணி’க் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களின் முகங்களைப் படமெடுத்தவர்கள் அரிது. கமெரா இல்லாத இடத்தில் கைதான் வரைய வேண்டும். எரிந்த வீட்டையும் அதற்கடுத்த எரியாத வீட்டையும் ஒரே பக்கத்தில், ஒரே பார்வையில் வைக்க உரைநடையால் முடியாது. சித்திரக்கதையால் முடியும்.

வன்னிப் போரைப் பற்றிய ‘வன்னி’ என்ற சித்திர நாவல் 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலொக் வரைந்தார். அக்கறையான உழைப்பு, நன்றியோடு வாசித்தோம். ஆனாலும் நம் கதையை முதலில் நாமே நம் மொழியில் வரைந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் போகவில்லை. ஸ்பீகல்மன் தன் தந்தையை உட்கார வைத்து, ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்து, ஆண்டுக்கணக்கில் கேட்டார். அந்த மூன்று பக்கங்கள் வளர்ந்து இரண்டு நூல்களாகி 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றன. 83இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம் ஒழுங்கைகளிலேயே இருக்கிறார்கள். சிலர் ரொறன்ரோவில், சிலர் பாரிசில். கேட்பதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனவே அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கங்களைச் சித்திரக்கதைக்கு ஒதுக்குகிறோம். கறுப்பு மை போதும். சொல்பவரும் வரைபவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை: பேத்தி வரையலாம், அம்மம்மா சொல்லலாம். சொல்பவர் விரும்பினால் பெயரை மாற்றுங்கள். தெருவின் பெயரை மாற்றாதீர்கள். பென்சில் வரைவாக இருக்கும்போதே அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.