கேஸ் கணக்கை அடுப்படிக்குக் கொண்டு வருவோம்



உயர்தர இரசாயனவியலில் இலட்சிய வாயுச் சமன்பாட்டைப் படிக்காத பிள்ளை இல்லை. அமுக்கத்தையும் கனவளவையும் மூலர்த் திணிவையும் பெருக்கி, வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பிரித்தால் வாயுவின் திணிவு வரும். பாஸ்ட் பேப்பரில் பத்து வருடக் கேள்விகளை மூச்சுவிடாமல் செய்வார்கள். ஆனால் "உங்கட வீட்டு அடுப்படியில் எத்தனை கிராம் கேஸ் கசிந்தால் ஆபத்து?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இது பிள்ளைகளின் குறை இல்லை. கேள்வியை அப்படிக் கேட்க நாம் பழகவில்லை.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் பல பக்கங்களிலும் சமையல் எரிவாயு வெடிப்புச் செய்திகள். கலவையைப் பற்றி எல்லோரும் பேசினோம், அதிகாரிகளைத் திட்டினோம், திட்ட வேண்டியதும்தான். ஆனால் கணக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு. இப்போது போட்டுப் பார்ப்போம்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீற்றர் என்றால் அடுப்படியின் கனவளவு 27 கன மீற்றர். காற்றில் பியூட்டேன் ஏறத்தாழ 1.8 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். 27இல் 1.8 சதவீதம் 0.486 கன மீற்றர். வளிமண்டல அமுக்கம் 101,325 பஸ்கால், நம்மூர் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், அதாவது 303 கெல்வின். வாயு மாறிலி 8.314. விடை 19.5 மூல் அளவில் வரும். பியூட்டேனின் மூலர்த் திணிவு 58 கிராம். ஆக, ஏறக்குறைய 1.1 கிலோ. சாதாரண அமுக்கத்தில் பியூட்டேன் இலட்சிய வாயுவிலிருந்து விலகுவது சொற்பம்தான், அதனால் இந்தக் கணக்கை நம்பலாம்.

12.5 கிலோ சிலிண்டரில் 1.1 கிலோ என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் கேஸ் அறை முழுக்கச் சமமாகப் பரவினால்தான் அவ்வளவு தேவை. பியூட்டேன் காற்றை விட இரு மடங்கு பாரமானது. காற்றோட்டம் இல்லாத அறையில் தரையோடு தங்கும். அடியில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் சேர்ந்தால் நூற்றுப் பதினைந்து கிராம் அளவே போதும். ஒரு கோப்பைத் தேத்தண்ணியின் நிறைகூட வராது.

கெல்வினுக்கு மாற்றாமல் 30 என்றே போடும் பிள்ளைக்கு விடை 11 கிலோவுக்கு மேல் வரும். பரீட்சையில் அதற்கு ஓரிரு புள்ளிதான் போகும். ஆனால் அந்த விடையை நம்பினால், சிலிண்டர் முழுக்க வெளியேறினால்தான் ஆபத்து என்று ஆகிவிடும். வந்த விடை நியாயமானதா என்று ஒரு கணம் யோசிக்கப் பழக்காத படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

றமழானை நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்க ஜன்னல் பூட்டிய அடுப்படி. ஸஹருக்கு எழும்பும் உம்மா தூக்கக் கலக்கத்தில் முதலில் செய்வது லைட்டைப் போடுவது. பிரிட்ஜின் ரிலேயோ தரைக்குக் கிட்ட, யாரும் தொடாமலே தானாகப் பொறி தட்டும். வாசம் வந்தால் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம், எக்ஸோஸ்ட் பேனையும் போட வேண்டாம். கதவை அகலத் திறந்து, சிலிண்டர் வால்வைப் பூட்டி, எல்லோரையும் வெளியே எடுங்கள். ஜன்னலை விடக் கதவு முக்கியம், கேஸ் கிடப்பது கீழே.

இன்னொன்று. வீட்டு நோயாளிக்கு ஒட்சிசன் சிலிண்டர் எடுப்பவர்கள் மானியைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கலாம். 10 லீற்றர் சிலிண்டர் 150 பார் காட்டினால் உள்ளே 1.9 கிலோ அளவு. நிமிடத்துக்கு 5 லீற்றர் வீதம் சுமார் 5 மணித்தியாலம் தாங்கும். சமையல் கேஸில் இது சரிவராது. உள்ளே இருப்பது திரவம். கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை, வெப்பநிலை மாறாவிட்டால் அமுக்கமும் பெரிதாக மாறாது. தராசுதான் வழி. வெற்றுச் சிலிண்டரின் நிறை அதிலேயே பொறித்திருக்கும், கழித்துப் பாருங்கள். சூரா முதஃப்பிபீனை ஓதுகிற சமூகம் நிறுத்து வாங்க வெட்கப்படத் தேவையில்லை.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, இதில் அடுப்படியா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது விளங்குகிறது. மேலே உள்ள கணக்குக்குக் கால் மணித்தியாலம் போதும், அதே சமன்பாடு, அதே புள்ளி. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு அடுப்படியை அளந்து வந்து செய்யட்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒரு கோரிக்கை. றமழானுக்கு முந்திய பெண்கள் நிகழ்ச்சியில் அரை மணி நேரம் தாருங்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பெண் பிள்ளைகளே வந்து, ஒரு தராசும் ஒரு சிலிண்டரும் வைத்து விளக்குவார்கள். சோப்புத் தண்ணி பூசி டியூப், ரெகுலேட்டர் கசிவு பார்ப்பதையும் அங்கேயே காட்டலாம். இடம் தரக்கூடிய மஹல்லாக்கள் கமெண்டில் சொல்லுங்கள், திகதியைப் பேசிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.