பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பல் க்ளினிக்குகள்!

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த நாள். தென்னைகள் சாய்ந்தன, உப்பளங்களில் சேறு புகுந்தது. அந்த அடியிலிருந்து ஊர் நிமிர்வதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கையில் காசு குறைந்தால், வீட்டில் முதலில் தள்ளிப்போவது பல் வைத்தியம்தான்.

பல் டாக்டர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மாஸ்க்கைக் கழற்றாமல் யாருக்கும் பல் பார்க்க முடியாது. சொத்தையைக் குடையும்போதும், கிளீனிங் செய்யும்போதும் தண்ணீரும் எச்சிலும் கலந்த நுண்துளிகள் காற்றில் பரவும். அதனால் பல் க்ளினிக்குகள் தொற்று அபாயம் அதிகமுள்ள இடங்களாகக் கருதப்பட்டன.

2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அந்த மாதத் தொடக்கத்தில் தஞ்சாவூரும் திருவாரூரும் சிவப்பு மண்டலம். வேதாரண்யம் இருக்கும் நாகப்பட்டினம் மாவட்டம் ஆரஞ்சு மண்டலம். ஆரஞ்சு என்றால் க்ளினிக்கைத் திறக்கலாம். ஆனால், அவசர சிகிச்சை மட்டும்தான். கிளீனிங், கிளிப், செட் பல் எல்லாம் 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலுக்குப் போயின.

சிறிய க்ளினிக்குகளை ஓட்டுவதே இந்த 'அப்புறம்' சிகிச்சைகள்தான். வரவு நின்றாலும் வாடகை, உதவியாளர் சம்பளம், நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் வாங்கிய கடன் எதுவும் நிற்கவில்லை. ரிசர்வ் வங்கி கடன் தவணையை முதலில் 3 மாதங்களுக்கும், பிறகு ஆகஸ்ட் 31 வரையும் தள்ளிவைக்க அனுமதித்தது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

மறுபக்கம் செலவு கூடியது. என்-95 மாஸ்க், பிபிஇ உடை, முகத்தை மூடும் ஷீல்டு, கிருமிநாசினி எல்லாம் புதுச் செலவு. ஒருவரைப் பார்த்து முடித்ததும் அறையைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் விட்ட பிறகே அடுத்தவர். ஒரு நாளில் பார்க்கும் எண்ணிக்கை குறைந்தது. நம் ஊரில் பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கிடையாது. கூடிய செலவை டாக்டர் சுமக்க வேண்டும், இல்லையென்றால் நோயாளி சுமக்க வேண்டும்.

நஷ்டம் க்ளினிக்கோடு முடியவில்லை. சின்னச் சொத்தையை ஒரே நாளில் அடைத்துவிடலாம். வலி மாத்திரையும் கிராம்புமாகத் தள்ளிப்போட்டால் சொத்தை நரம்பைத் தொடும். பிறகு ரூட் கெனால், அதன் மேல் கேப் என்று செலவு பல மடங்காகும். அதற்கும் வழியில்லை என்றால் பல்லையே பிடுங்க வேண்டியதுதான்.

கொரோனா காலத்தில் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. இப்போது இல்லை. வீட்டில் யாருக்காவது பல் கூசுகிறதா? வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். சொத்தை சின்னதாக இருக்கும்போது பில்லும் சின்னதுதான்!