பண்டிகைப் பாட்டில் ஓர் அயற்சுரம்

தீபாவளி நெருங்கிவிட்டால், பதுளை, பசறை, ஹாலிஎல பகுதித் தோட்டங்களில் நம் இளைஞர் சிலர் புதுப்பாட்டுக் கட்டத் தொடங்கிவிடுகின்றனர். கீபோர்ட் ஒன்றும் கைத்தொலைபேசி ஒன்றும் இருந்தால் போதும்; பாட்டு ஆயத்தம். முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் நான் கேட்டவற்றுட் பல, கேட்டு முடியுமுன்பே மறந்துபோயின. சங்கராபரணத்து ஏழு சுரங்களுக்குள்ளேயே மூன்று சுரக்கூட்டுகளைச் சுழற்றிக்கொண்டு, அடிதோறும் மகிழ்ச்சி மகிழ்ச்சி என்று முழங்கினால் வேறென்ன நேரும்?

அயற்சுரம் புகுந்தால் பாட்டுக் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு நம் பழைய இசையே விடை கூறும். காம்போதி, அரிகாம்போதியின் சேய். தாய்க்கு உரியது கைசிகி நிஷாதம். எனினும் ‘சநிபதச’ என்னும் பிடியில் மட்டும் காகலி நிஷாதம் வந்து எட்டிப் பார்க்கும். அதனை நீக்கிப் பாடிப் பாருங்கள். காம்போதியின் முகமே மாறிவிடும். பிலஹரியோ சங்கராபரணத்திற் பிறந்தும் கைசிகி நிஷாதத்தை அழைத்துக்கொள்கிறது. இத்தகையவற்றுக்குப் பாஷாங்க இராகம் என்று பெயர்.

மேலைநாட்டார் இதனையே சுரக்கூட்டிற் செய்தனர். இர்விங் பெர்லின் அமைத்து, பிங் கிராஸ்பி பாடி, 1942ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்த ‘வைட் கிறிஸ்மஸ்’ பாட்டில், வாழ்த்துக் கூறும் பகுதியிலே அயற்கூட்டு ஒன்று நுழைகிறது. செய்முறை எளிது. ஒரு கட்டைச் சுருதியில் மத்தியமம், சதுச்ருதி தைவதம், மேற்சட்சம் மூன்றையும் சேர்த்து அழுத்துக. அடுத்து, நடுவிரலை மட்டும் வெள்ளைக் கட்டையிலிருந்து இடப்புறத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்துக. தைவதம் சுத்த தைவதமாகிறது. சங்கராபரணம் ஒரு கணம் சரசாங்கியாகிறது. பின்னர்ச் சட்சக் கூட்டுக்குத் திரும்புகையில், அச்சுரம் அரைப்படி இறங்கிப் பஞ்சமத்தில் அமர்கிறது. நெஞ்சை அசைப்பது அந்த இறக்கந்தான். பாடுவோர் அவ்வேளை சதுச்ருதி தைவதத்தில் நின்றால் இரண்டும் மோதும்; சட்சத்திலோ மத்தியமத்திலோ நின்றால் பொருந்தும்.

இது வெறும் அலங்காரம் என்று சிலர் கருதலாம். ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை நான் அதனை ஒப்பேன். தீபாவளி முற்பணம் வாங்கிப் புத்தாடை எடுத்து, பின்வரும் மாதங்களிற் சம்பளத்திலிருந்து அதனைக் கழித்துக் கொடுக்கும் வீட்டில், மகிழ்ச்சி மெய்யானது. அதனடியிற் கிடக்கும் கவலையும் மெய்யானது. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். மாசியிலே காமன் கூத்து நடக்கிறது. தப்பு முழங்க ரதிக்கும் மன்மதனுக்கும் மணம். பின்பு சிவனாரின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். விழாவுக்கு நடுவே ஒப்பாரி! திருநாளில் அழுகை ஏன் என்று லயத்துப் பாட்டிமார் யாரும் எழுந்து போய்விடுவதில்லை.

புதுமை கண்டோம் என்று அடிக்கொன்றாய் அயற்கூட்டைத் திணிப்போரும் உளர். அவர்கள் பாட்டைக் கேட்பதைவிடப் பழைய மூன்று கூட்டுகளே மேல். பட்டாசையும் பலகாரத்தையும் பாடும் அடிகள் வெள்ளைக் கட்டைகளிலேயே துள்ளட்டும். கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் இரவுப் புகைவண்டியேறி, விடியலிற் பதுளையில் வந்திறங்குவதாக ஓரடி வருமாயின், அங்கே அந்தக் கறுப்புக் கட்டையைத் தொடலாம்.