நெட்டுருவும் நாவும்

தமிழ்ப்பள்ளிகளில் மொழி வளர்க்கின்றோம் என்று பெருமை பேசுவோரை நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். நெட்டுருப் போட்ட கட்டுரையை ஒப்பிக்கும் பிள்ளைக்கு மொழி வந்துவிட்டதென்று எப்படித் துணிந்தீர்கள்? கிளிக்கும் பேச்சு வருகிறது. அதனைப் புலவரென்று எவரும் சொல்லுவதில்லை.

நமது பாசிர் கூடாங்கையே எடுத்துக் கொள்வோம். 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாக இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அதன் நச்சு ஆவியால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய ஊரின் பிள்ளைக்கும் ‘நான் ஓர் ஆறு’ என்னும் தன்கதைதானே கற்பிக்கப்படுகிறது? மலையில் பிறந்தேன், வயலை வளப்படுத்தினேன், மக்கள் போற்றினர் என்று யாரோ எழுதி வைத்த வரிகள்! நஞ்சைக் கொட்டியவர் யார், அதனால் அவருக்கு என்ன இலாபம், காக்க வேண்டியவர் எங்கே போயிருந்தார் என்று பிள்ளை கேட்க விட்டால், அதன் தமிழ் அன்றே வளராதோ?

முதலில் எழுத்தும் இலக்கணமும் வரட்டும், ஆராய்ச்சி பிறகு ஆகட்டும் என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்கு என்பது போன்றது இது. ஏனென்றால், ஆகையால், ஆனாலும், இல்லாவிட்டால் என்னும் சொற்கள் காரணம் சொல்ல வேண்டிய வாய்க்கே தேவைப்படும். காரணமே கேட்கப்படாத பிள்ளைக்கு அவை எதற்கு?

அரசாங்கம் தடுக்கிறதென்று சொல்லவும் இடமில்லை. 2013-இல் வெளியான தேசியக் கல்வித் திட்டம் மாணவர்க்கு வேண்டிய ஆறு பண்புகளில் சிந்தனைத் திறனையும் ஒன்றாக வைத்தது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் ஒழிந்தது. தேர்வு போயிற்று, நெட்டுரு போகவில்லை. ஆராய்ந்து ஏற்கச் சொல்லும் குறளையே ஆராயாமல் ஒப்பிக்க வைப்பதைவிட வள்ளுவருக்கு வேறு அவமதிப்பு உண்டோ?

செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நாம் ஆங்கில வழியில் கற்றவர். அங்கும் நெட்டுருவே ஆட்சி செய்தது. தமிழ்ப்பள்ளியை விட்டோடும் பெற்றோர்க்குச் சொல்லுகிறோம்: நோய் மொழியில் இல்லை, முறையில் இருக்கிறது. சம்பள நாளில் பிடித்தம் எதற்கென்று கேட்க நாவெழாமல் கையொப்பமிட்டுச் செல்லும் தொழிலாளரை மாதந்தோறும் காண்கிறோம். அவர்களுக்கு எழுதத் தெரியும், கேட்கத் தெரியாது. அது பள்ளியில் அடைக்கப்பட்ட வாய்.

ஆகையால் உபாத்தியாயர்களே, பெற்றோர்களே! ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் புத்தகத்தில் விடையில்லாத கேள்வி ஒன்றைப் பிள்ளையே கேட்கட்டும். தன் சொந்தச் சொல்லில், காரணத்தோடு, இரண்டு வாக்கியம் எழுதட்டும். பிழையைத் திருத்துங்கள், கேட்டதற்காக அதட்டாதீர்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்கும் வரையில், தமிழ் வளர்ப்பு என்பது வெறும் பேச்சேயாகும்.